அம்பாசிடர், பத்மினி, ஹெரால்டு: டிரம் பிரேக்கை வீட்டிலேயே டைட் வைக்க முழு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பழைய கார்கள் வாழும் விதமே தனி. வீடு பூட்டிக் கிடக்கும், வண்டி செட்டுக்குள் துணி போர்த்தி நிற்கும், கல்யாணமோ சாந்தியோ வந்தால் நாலு நாள் முன்னால் பேட்டரி மாற்றி, காற்றடித்து, கழுவித் துடைத்து மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளப்புவோம். இன்ஜின் கிளம்பிவிட்டால் வண்டி ரெடி என்பது எல்லோருடைய எண்ணமும். பெடலை மிதித்தால் பாதிக்கு மேல் கீழே போகும், "பழைய வண்டி அப்படித்தான் இருக்கும்" என்று பக்கத்தில் யாராவது சமாதானம் சொல்வார்கள். அப்படி இருக்க வேண்டியதே இல்லை. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள ஒரு அம்பாசிடரோ பிரீமியர் பத்மினியோ, பிரேக் சரியாக வைத்திருந்தால், பெடலின் மேல் பாதியிலேயே பிடித்து நேராக நிற்கும்.

சக்கரத்தோடு சுற்றும் இரும்புக் கிண்ணம்தான் டிரம். பெடலை மிதித்தால் ஆயில் அழுத்தம் வீல் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளி, லைனிங் பதித்த இரண்டு வளைந்த சூவையும் டிரம்மின் உட்புறத்தில் அழுத்தும். சூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பதுதான் டைட் வைப்பது. இதில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் ஓடும் வண்டியில் லைனிங் தேய்ந்து இடைவெளி கூடுகிறது, அட்ஜஸ்டரைத் திருகினால் வேலை முடிந்தது. நம் வண்டிகள் நின்றே பழையவை. அதனால் அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகியிருக்கும், வீல் சிலிண்டரில் பிஸ்டன் ஒட்டியிருக்கும், ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். டைட் வைப்பது கடைசிக் கால் மணி நேர வேலை. மீதி எல்லாம் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது. ஒரு மெக்கானிக் அவசரத்தில் தவறவிடுவதும் இந்த முன்வேலையைத்தான். அதனால்தான் நிதானமாக வீட்டிலேயே செய்யச் சொல்கிறேன்.

இது அட்ஜஸ்ட்மென்ட் பிரச்சினைதானா?

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் வண்டியில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பாருங்கள். முதல் மிதிக்கு ஆழமாகப் போய், உடனே இரண்டாவது தடவை மிதித்தால் மேலேயே கெட்டியாக நிற்கிறதா? அப்படியானால் சூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கிறது, இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான். மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்குகிறதென்றால் லைனில் காற்று இருக்கிறது, ஏர் எடுக்க வேண்டும். கெட்டியாக நின்ற பெடல், காலை அழுத்தி வைத்திருக்கும்போதே மெதுவாக இறங்குகிறதென்றால் எங்கோ ஒழுகுகிறது, இல்லாவிட்டால் பெடல் மிதியில் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் வாஷர் கெட்டுப்போயிருக்கிறது. அந்த வண்டியை வீதிக்கு எடுக்கவே கூடாது. பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஒரே ஹைட்ராலிக் லைன்தான், ஒரு சக்கரத்தில் ஒழுகினால் நாலு சக்கரத்துக்கும் கால் பிரேக் போய்விடும்.

பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால், எல்லோரும் உடனே அந்தப் பக்கத்தை லூஸ் செய்யப் பார்ப்பார்கள். குற்றவாளி பெரும்பாலும் எதிர்ப்பக்கம். இடது பக்கம் இழுக்கிறதென்றால் வலது சக்கரம் பிடிக்கவில்லை என்று அர்த்தம்: லைனிங்கில் கிரீஸ் ஏறியிருக்கலாம், சிலிண்டர் ஒட்டியிருக்கலாம். அதற்கும் முன்னால் டயர் காற்றைப் பாருங்கள், சில சமயம் விஷயம் அவ்வளவுதான்.

எங்கே வைத்துச் செய்வது

முகப்பில் ஆத்தங்குடி கல் பதித்த இடத்தில் வண்டியைத் தூக்காதீர்கள். வழவழப்பில் ஜாக்கி நழுவும், எல்லாப் பாரமும் ஒரே புள்ளியில் இறங்கினால் கல் விரியும், பிரேக் ஆயில் சிந்தினால் வீட்டில் ஆச்சியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியது தனி. வெளியே செம்மண் தரை என்றால் காய்ந்திருக்கும்போது மட்டும், ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் நல்ல தடிமனான பலகை போட்டுச் செய்யுங்கள். ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு அந்த மண் மேலே காய்ந்தது போல் இருக்கும், உள்ளே இளகியிருக்கும். சிமென்ட் தளம் இருந்தால் அதுதான் உத்தமம்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியில் கை வைக்கக் கூடாது. தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஆக்சில் ஸ்டாண்ட் இரண்டு வாங்கிவிடுங்கள், செங்கல் அடுக்கி முட்டுக் கொடுப்பதெல்லாம் வேண்டாம், செங்கல் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். பின்பக்கம் தூக்கும்போது ஹேண்ட் பிரேக்கை விட்டாக வேண்டும், அதனால் முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுப்பது கட்டாயம். வீல் நட்டுகளைத் தூக்குவதற்கு முன்பே அரைச் சுற்று லூஸ் செய்துவிடுங்கள்.

சாமான்கள் என்று பார்த்தால் பெரிதாக எதுவும் இல்லை: வீல் ஸ்பேனர், அட்ஜஸ்டருக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்பேனர், நீளமான திருப்புளி, கம்பி பிரஷ், துரு இளக்கும் ஸ்பிரே, சூடு தாங்கும் பிரேக் கிரீஸ், உப்புத்தாள், பழைய துணி, ஒரு வாளி சோப்புத் தண்ணீர், நல்ல முகமூடி. சதுரத் தலை அட்ஜஸ்டருக்கென்றே தனி ஸ்பேனர் கிடைக்கும், விலை சொற்பம். கட்டிங் பிளேயரால் திருகினால் தலை வட்டமாகிவிடும், அதற்குப் பிறகு டிரம்மைக் கழற்றாமல் வழியில்லை.

முகமூடியைச் சும்மா சொல்லவில்லை. பழைய லைனிங்குகளில் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் போனதுதான். டிரம்முக்குள் வாயால் ஊதுவதும், காற்றடிக்கும் பம்பை வைத்து ஊதுவதும் கூடவே கூடாது. ஈரத்துணியால் துடைத்து, துணியை ஒரு பையில் கட்டிப் போடுங்கள். பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தால் இந்த நேரம் மட்டும் தூர அனுப்பிவிடுங்கள்.

உங்கள் வண்டியில் எந்த அட்ஜஸ்டர்?

சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் தகடுதான் பேக் பிளேட். அதை கம்பி பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்தால் என்ன வகை என்று தெரிந்துவிடும். சின்னச் சதுரத் தலை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் அது ஆப்பு வகை, உள்ளே கூம்பு மாதிரி ஓர் ஆப்பு நகர்ந்து இரண்டு சூவையும் ஒன்றாகத் தள்ளும். ஹெரால்டின் பின்சக்கரத்தில் இதுதான். ஆறு முகத் தலையோ சதுரத் தலையோ ஒரு சக்கரத்துக்கு இரண்டு இருந்தால் அது பெரும்பாலும் கேம் வகை, உள்ளே மையம் விலகிய வட்டு திரும்பி, ஒவ்வொன்றும் ஒரு சூவைத் தள்ளும். பத்மினியின் மூலமான ஃபியட் 1100இலும் பழைய ஜீப்புகளிலும் இந்தக் கேம்தான். பேக் பிளேட்டில் ரப்பர் மூடி போட்ட நீளத் துளை இருந்தால் உள்ளே பல் வைத்த நட்சத்திரச் சக்கரம் இருக்கும், திருப்புளி விட்டு ஒவ்வொரு பல்லாகத் தள்ள வேண்டும். பின்னால் எதுவுமே இல்லை, டிரம் முகத்தில் ஒரு துளை இருக்கிறதென்றால் சக்கரத்தைச் சுற்றி அந்தத் துளையை நேர் கொண்டுவந்து, உள்ளே தெரியும் திருகை முன்பக்கமிருந்தே திருப்ப வேண்டும்.

நம் ஊர் வண்டிகளில் முப்பது நாற்பது வருஷத்தில் யார் யாரோ என்னென்னவோ மாற்றியிருப்பார்கள். வேறு வண்டியின் ஆக்சில் ஏறிய அம்பாசிடர்கள்கூட உண்டு. அதனால் வண்டிப் பெயரை வைத்து முடிவு செய்யாமல் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அட்ஜஸ்டரை இளக்குவது

வகை தெரிந்ததும் திருகத் தோன்றும். பொறுங்கள். முந்தின நாள் சாயங்காலமே துரு இளக்கும் ஸ்பிரேயை அட்ஜஸ்டர் தலையைச் சுற்றி அடித்து விட்டுவிடுங்கள், உள்ளே லைனிங் பக்கம் வழியாத அளவுக்கு. மறுநாள் காலை முதல் திருப்பு லூஸ் ஆகும் பக்கம்தான் இருக்க வேண்டும். கால் சுற்று லூஸ், கொஞ்சம் டைட், மறுபடி அரைச் சுற்று லூஸ் என்று போய் வந்தால்தான் மரையில் இருக்கும் துரு வெளியே வரும். நகரவில்லை என்பதற்காக ஸ்பேனரில் பைப் மாட்டி நெம்பினால் தலை முறியும். இன்னும் ஒரு ராத்திரி ஊறட்டும், கல்யாணத்துக்கு நாள் இருக்கிறது.

டிரம்மைக் கழற்றி உள்ளே பார்ப்பது

வண்டி ஆறு மாதத்துக்கு மேல் நின்றிருந்தால் டிரம்மைக் கழற்றாமல் டைட் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. சக்கரத்தைக் கழற்றி, அட்ஜஸ்டரை முழுக்க லூஸ் செய்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு, டிரம்மைப் பிடித்திருக்கும் சின்னத் திருகுகளைக் கழற்றினால் டிரம் வர வேண்டும். வரவில்லையென்றால் வீல் போல்ட்டுகளுக்கு இடையில் மரச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். விளிம்பில் இரும்புச் சுத்தியலால் அடிக்காதீர்கள், டிரம் வார்ப்பிரும்பு, விரிசல் விட்டுவிடும்.

கழற்றியதும் முதல் வேலை, ஸ்பிரிங்குகள் எந்தத் துளையில் மாட்டியிருக்கின்றன என்று போனில் ஒரு படம். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரியுங்கள், சந்தேகம் வந்தால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பெடலில் கால் வைக்கக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள், பிஸ்டன் வெளியே குதித்துவிடும்.

இப்போது டிரம்முக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். ஓரத்தில் உதடு மாதிரி ஒரு மேடு தட்டும், லைனிங் படாத இடம் அது. அந்த மேடு பெரிதாக இருந்தால் டிரம் நிறையத் தேய்ந்திருக்கிறது. நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளக் கோடுகள் இருந்தால் லேத்தில் கொடுத்துக் கடைய வேண்டும், அதற்கும் எல்லை உண்டு, வண்டியின் மேனுவலில் போட்டிருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டினால் டிரம்மை மாற்றத்தான் வேண்டும். மேலாக இருக்கும் துருவுக்கு உப்புத்தாள் போதும்.

லைனிங் ரிவெட் அடித்ததாக இருந்தால், ரிவெட் தலைக்கு மேல் ஒன்றரை மில்லிமீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும். கண்ணாடி மாதிரி பளபளத்தால், முகமூடியோடு, தூள் பறக்காதபடி ஈரமாக்கி உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம். எண்ணெய் குடித்திருந்தால் தேய்த்தும் பயனில்லை, பெட்ரோலில் கழுவியும் பயனில்லை, சூடேறும்போது எண்ணெய் மறுபடி மேலே வரும். அந்த ஆக்சிலின் இரண்டு பக்கமும் சேர்த்து லைனிங் மாற்றிவிடுங்கள். அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதையும் முகர்ந்தே கண்டுபிடிக்கலாம்: பின்சக்கரத்தில் காட்டமான கியர் ஆயில் வாடை அடித்தால் ஆக்சில் சீல் போயிருக்கிறது, வாடை அவ்வளவாக இல்லாமல் நீர்த்த திரவமாக இருந்து பெயின்ட்டை உரித்திருந்தால் அது பிரேக் ஆயில்.

வீல் சிலிண்டரின் ரப்பர் தொப்பியை மெதுவாக விளிம்பில் தூக்கிப் பாருங்கள். உள்ளே லேசான ஈரம் பரவாயில்லை, சொட்டினால் வாஷர் கிட் மாற்ற வேண்டும். துருப்பொடி கொட்டினால் பிஸ்டன் ஒட்டிக்கொண்டிருக்கும் அல்லது ஒட்டப்போகிறது. பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும், நின்ற வண்டியில் அந்த ஈரம்தான் சிலிண்டரை உள்ளிருந்து அரிக்கிறது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஆயிலை முழுக்க மாற்றுங்கள், டாட் 3 போதும். பாட்டில் தீர்ந்துவிட்டது என்று இன்ஜின் ஆயிலோ வேறு எதுவோ ஊற்றினால் லைனில் உள்ள ரப்பர் முழுக்க ஊதிப் போய்விடும்.

பூட்டுவதற்கு முன் அட்ஜஸ்டர் மரையிலும், சூவின் விளிம்பு பேக் பிளேட்டில் உரசும் சின்ன மேடுகளிலும் பிரேக் கிரீஸைத் தொட்டு வையுங்கள். தொட்டு வைத்தால் போதும், பூச வேண்டாம்.

இனி டைட் வைக்கலாம்

பிரேக் சூடாக இருக்கும்போது செய்யக் கூடாது. சூட்டில் டிரம் விரிந்திருக்கும், அந்த அளவுக்கு டைட் வைத்தால் ஆறிச் சுருங்கியதும் சூவைக் கவ்விக்கொள்ளும்.

முன்சக்கரத்தில் ஆரம்பியுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டி பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அது ஆடினால் நீங்கள் வைக்கும் இடைவெளிக்கு அர்த்தமே இல்லை. அப்புறம் தம்பியையோ மகனையோ உள்ளே உட்காரவைத்து "மிதி... விடு... மிதி... விடு" என்று சொல்லுங்கள், சூ இரண்டும் நடுவுக்கு வந்து உட்காரும். இப்போது ஒரு கையால் சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றிக்கொண்டே மறுகையால் அட்ஜஸ்டரைத் திருகுங்கள். எந்தப் பக்கம் திருகினால் டைட் என்பது வண்டிக்கு வண்டி, ஏன், சில வண்டியில் சக்கரத்துக்குச் சக்கரம் மாறும், சக்கரம் கனக்கும் பக்கம்தான் டைட். சக்கரம் கையால் நகராமல் நிற்கும் வரை திருகி, மறுபடி ஒரு தடவை நன்றாக மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்து விட்டதும் சக்கரம் இளகியிருந்தால் சூ இப்போதுதான் நடுவுக்கு வந்திருக்கிறது, மேலும் கொஞ்சம் திருகுங்கள். மிதித்த பிறகும் இறுகியே நிற்கும் நிலை வந்ததும், சக்கரம் தாராளமாகச் சுற்றும் வரை பின்வாங்குங்கள்.

ஆப்பு வகையில் ஒவ்வொரு கால் சுற்றுக்கும் "டக்" என்று கையில் தெரியும், பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ டக் பின்வாங்கினால் சரியாக இருக்கும். இரண்டு டக்குக்கு நடுவில் நிறுத்தக் கூடாது, ஓட ஓட அது தானாகப் பக்கத்துப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துவிடும். கேமில் இந்த டக் கிடையாது, ஒரு சூவுக்கு வைத்து முடித்துவிட்டுத்தான் அடுத்த சூவுக்குப் போக வேண்டும், இரண்டையும் மாற்றி மாற்றித் திருகினால் எது உரசுகிறது என்றே தெரியாமல் போகும்.

இனி காது கொடுத்துக் கேளுங்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டால் லேசாக, ஒரே சீராக "சர்ர்ர்" என்று கேட்டால் நல்லது, ஓடினால் அதுவும் போய்விடும். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை மட்டும் "சரக்" என்று உரசினால் டிரம் வட்டம் போயிருக்கிறது, மிதிக்கும்போது பெடலும் காலுக்கடியில் துடிக்கும். அதற்காக அட்ஜஸ்டரை லூஸ் செய்துகொண்டே போவது வீண், லேத்துக்கு அனுப்புங்கள். இடது வலது இரண்டிலும் ஒரே அளவு உரசல் இருக்க வேண்டும், இதுதான் வண்டி நேராக நிற்பதற்கு அடிப்படை.

பின்சக்கரத்தில் குழப்பம் கொஞ்சம் அதிகம். கியரை நியூட்ரலில் போட்டு இரண்டு சக்கரத்தையும் தூக்கிவிடுங்கள். ஒன்றைச் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்றும், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் கியர் அப்படித்தான், அதில் இருக்கும் கெட்டியான ஆயிலின் கனமும் கையில் தெரியும். இதை உரசல் என்று நினைத்து அளவுக்கு மேல் லூஸ் செய்பவர்கள் நிறைய. அட்ஜஸ்டரைத் தொடும் முன் சக்கரத்தைச் சுற்றி அந்தக் கனத்தைக் கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: ஹேண்ட் பிரேக் கேபிளின் நட்டை முன்கூட்டியே நன்றாக லூஸ் செய்துவிட வேண்டும். கேபிள் சூவை இழுத்துப் பிடித்திருந்தால் நீங்கள் வைக்கும் எல்லா அளவும் பொய். பின்சூவை வைத்து முடித்த பிறகுதான் கேபிள். மூன்று முதல் ஐந்து கிளிக்குக்குள் சக்கரம் இரண்டும் இறுகும்படியும், லீவரை முழுக்க இறக்கினால் இரண்டும் தாராளமாகச் சுற்றும்படியும் வையுங்கள். தேய்ந்த சூவுக்கு ஈடாகக் கேபிளை இழுத்துக் கட்டுவது மெக்கானிக் கடைகளில் சகஜம், ஆனால் கால் பிரேக்குக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.

கடைசியாகப் பெடல். கையால் அழுத்தினால் மேலே துளி ஆட்டம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வராது, ஆயில் திரும்பிப் போகும் சின்னத் துளை மூடியே இருக்கும். வீட்டிலிருந்து கிளம்பும்போது நன்றாக இருந்த வண்டி பத்து கிலோமீட்டரில் தானாகப் பிரேக் பிடித்துக்கொண்டு நகர மறுப்பது பெரும்பாலும் இதனால்தான். உள்ளே ஊதி அடைத்துக்கொண்ட பழைய ரப்பர் ஹோஸும் இதே மாதிரி செய்யும், ஆனால் அது அந்த ஹோஸ் போகும் சக்கரத்தையோ சக்கரங்களையோ மட்டும் பிடிக்கும்.

ஓட்டிப் பார்ப்பது

வீட்டு வாசலிலேயே, நகரும் வேகத்தில் முதல் மிதி. பிடிக்கிறதா? சரி, ஆளில்லாத நேரமாகக் காலையில் குன்றக்குடி ரோட்டுப் பக்கம் எடுத்துப் போங்கள். பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு இருபதில் ஒரு தடவை, நாற்பதில் ஒரு தடவை, ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்தபடி மிதித்து நேராக நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஏழெட்டு கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி, கியரிலேயே வேகத்தைக் குறைத்து நிறுத்தி, ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், கிட்டக் கொண்டுபோனாலே தெரியும். மற்றதைவிட ஒன்று நன்றாகச் சுட்டால் அங்கே உரசிக்கொண்டிருக்கிறது, ஆறிய பிறகு ஒரு டக் லூஸ் செய்யுங்கள். லூஸ் செய்தும் சுட்டால் சிலிண்டரோ கேபிளோ திரும்ப மறுக்கிறது.

ஹேண்ட் பிரேக்கைச் சோதிக்க நம் பக்கம் சரிவு கிடைப்பது பெரும்பாடு, எல்லாம் தட்டையான பூமி. ஊரணிக் கரை ஏறும் பாதை ஒன்று எல்லா ஊரிலும் இருக்கும், அது போதும். வண்டியின் மூக்கோ வாலோ தண்ணீரைப் பார்க்காமல் நிறுத்துங்கள், இதை விளக்கத் தேவையில்லை.

புது லைனிங் போட்டிருந்தால் முதல் சில நூறு கிலோமீட்டரில் மேடுகள் தேய்ந்து பெடல் மறுபடி இறங்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இன்னொரு முறை டைட் வையுங்கள், டிரம்மைக் கழற்றத் தேவையிருக்காது. வீல் நட்டுகளையும் ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். மழையில் தேங்கிய தண்ணீரில் இறக்கி ஏற்றினால் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்து பிரேக் சுத்தமாகப் பிடிக்காது, மெதுவாக ஓட்டிக்கொண்டே இடது காலால் லேசாக மிதித்து வைத்திருந்தால் சூட்டில் காய்ந்து திரும்ப வரும்.

விசேஷம் முடிந்து வண்டியை மறுபடி நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். மாதக்கணக்கில் இறுகி நின்றால் சூ டிரம்மோடு துருவில் ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்தால் போதும், வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் மாதம் ஒரு முறை கட்டையை எடுத்து, கியரை நியூட்ரலில் போட்டு வண்டியை நாலடி முன்னும் பின்னும் தள்ளி, பெடலைப் பத்து தடவை மிதித்துவிட்டு, மறுபடி கியரும் கட்டையும் போடச் சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள்.